அக்கா அழித்த ஆறு கணக்குகள்

என் அக்கா பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் ஒன்பது முறை தோற்றவள். முதல் எட்டு முறைக்கும் யார் காரணம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அக்கா தன் தலையெழுத்தைச் சொல்வாள். அவள் புருஷன், அதாவது என் மாமா, அவளுடைய மண்டையைச் சொல்வார். ஒன்பதாவது முறைக்குக் காரணம் நான். இதில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். சொன்னால் கோபம்தான் வரும்.

நான் டைல்ஸ் போடுகிறவன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. வாசலில் நின்று அறையை ஒரு பார்வை பார்த்தால் போதும், எத்தனை டைல் முழுசாக விழும், எத்தனையை வெட்ட வேண்டும், எந்த மூலை ஏமாற்றும் என்று சொல்லிவிடுவேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் எழுபத்தொன்று வாங்கினேன் என்பதை யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். இந்தத் திமிரை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. நடந்ததெல்லாம் அதனால்தான்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. ஆள் உயர இயந்திரங்கள் ஒரு வரிசையாக நின்று நாள் முழுக்க உருளும். அதில் துவைத்து வந்த பிறகும் கறை போகாத விரிப்புகள் எல்லாம் கடைசி ஜன்னலோரம் இருக்கிற மேசைக்கு வரும். அதுதான் அக்காவின் மேசை. ரத்தம், மருந்து, நர்ஸ் பேனாவின் மை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குப்பி, ஒரு சின்ன பிரஷ். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை நூலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லிக் கொடுப்பாள். அவள் மேசையை விட்டு ஒரு பொட்டுக் கறையோடு ஒரு துணி போனதாகச் சரித்திரம் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். நாம் டம்ளரைத் தூக்கிக் குடிப்பதற்குள் டம்ளர் இருந்த இடத்தைத் துடைத்துவிடுவாள். மாமா அடிக்கடி சொல்வார், "நான் அசையாம உக்காந்தா என்னையும் ஊற வெச்சிடுவா."

பத்தொன்பது வருடமும் ஒப்பந்த ஆள். அதைப் பற்றி அவள் அலட்டிக்கொண்டதில்லை. போன வருடக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். சலவையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களில் பத்தாம் வகுப்பு தேறியவர்களை நிரந்தரமாக்கி, வார்டுகளின் துணி அறைகளுக்கு மாற்றுவார்கள். ஆறாம் மாதம் முப்பதாம் தேதிக்குள் சான்றிதழைக் காட்ட வேண்டும். மற்றவர்களின் சேவைக்கு நிர்வாகம் நன்றி தெரிவிக்கிறதாம். நன்றி என்ற சொல்லைப் பார்த்து மனிதர்கள் பயந்துபோனதை அன்றைக்குத்தான் பார்த்ததாக அக்கா சொன்னாள்.

மற்ற பாடங்களை எல்லாம் பதினாறு வயதிலேயே தேறிவிட்டாள். கணக்கு ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றுக்கு எட்டுத் தடவை போய் வந்திருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று, பின்னால் ஐந்து. அதிகபட்சம் முப்பத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும்.

அவள் படிக்காமல் தோற்கவில்லை. கைடைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போய்த் தோற்றாள். கைடில் ஒவ்வொரு கணக்கும் படிப்படியாகத் தீர்த்துக் காட்டியிருக்கும். அக்கா அதைச் செய்யுள் மாதிரி மனப்பாடம் செய்வாள். ஒரு தடவை, செவ்வகத் தோட்டத்தின் பரப்பு நாற்பது என்று கைடில் இருந்த கணக்கைப் பரீட்சையில் ஐம்பத்து நாலு என்று மாற்றிக் கேட்டுவிட்டார்கள். இவள் நாற்பதுக்கான கணக்கை ஒரு புள்ளி பிசகாமல் எழுதிவிட்டு வந்தாள். இன்னொரு தடவை வெறும் சமன்பாட்டைக் கொடுத்து மூலங்களைக் கேட்டார்கள். அதிலே தோட்டமும் இல்லை, துரவும் இல்லை. இவள் கடைசி வரியில், 'ஆனால் நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது' என்று எழுதினாள். யாருடைய நீளம் என்று கேட்டேன். "அந்த வரி அங்க வரும்டா," என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பதற்கு இடம் இருந்தது.

அறிவிப்பு ஒட்டிய வாரமே என்னிடம் வந்தாள். எனக்கு அவள் ஆறு வயது மூத்தவள். என் மூக்கைச் சிந்திவிட்டவள், பள்ளிக்கூட வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள். அவள் என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"நீ சொல்லிக் குடுடா. டியூஷனுக்குப் போனா பதினஞ்சு வயசுப் பசங்களோட பெஞ்சுல உக்காரணும். என்னால முடியாது."

"நானா? எனக்குப் பொறுமை கிடையாதுக்கா. திட்டிடுவேன்."

"திட்டு. வாங்கிக்கறேன்."

அப்போது நான் ஊருக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வேலையாக இருந்தேன். அக்கா ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்து மூன்று மணிக்கு அங்கே வந்துவிடுவாள். கதவு வைக்காத வீடுகள், கைப்பிடி இல்லாத படிக்கட்டு, எங்கே தொட்டாலும் சிமெண்ட் தூசி. வந்ததும் தான் உட்கார வேண்டிய தரையைத் துடைப்பாள். பத்தே நிமிடத்தில் மறுபடி தூசி படியும். மறுபடி துடைப்பாள். அவளுக்குப் பலகை நான் டைல் ஒட்டப்போகிற சுவர்தான். இன்றைக்கு எழுதிய சுவரை நாளைக்கு நான் மூடிவிடுவேன், நாளைக்கு வேறு சுவர்.

முதல் பத்து நாள் நரகம். சொன்னபடி திட்டினேன், சொன்னதற்கு மேலேயும் திட்டினேன். இரண்டு எண் வேண்டும், பெருக்கினால் குறை நாற்பது, கூட்டினால் மூன்று, அவ்வளவுதானே என்று கத்துவேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டு கைடில் அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று யோசிப்பாள். அவள் யோசிப்பது கணக்கை இல்லை, பக்கத்தை என்று எனக்குப் புரிந்தபோது கைடைப் பிடுங்கி சிமெண்ட் சாக்குக்குப் பின்னால் எறிந்தேன். அவள் எழுந்து போய் எடுத்து, தூசி தட்டி, பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்றைக்கு அளவு நாடாவை அவள் கையில் கொடுத்தேன். "இந்த அறையோட அகலம் தெரியாது. எக்ஸ்னு வெச்சுக்கோ. நீளம் அதைவிட மூணு மீட்டர் ஜாஸ்தி. மொத்தம் நாப்பது சதுர மீட்டருக்கு டைல் வாங்கியிருக்கு, ஒரு துண்டு மிச்சமில்லாம சரியாப் போச்சு. அகலம் எவ்வளவு?"

அவள் அறையைச் சுற்றி நடந்தாள். எக்ஸை எக்ஸ் கூட்டல் மூன்றால் பெருக்கினால் நாற்பது என்று தானே எழுதினாள். நாற்பதை இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். எட்டும் ஐந்தும் என்று சொல்ல அரை மணி நேரம் ஆனது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன், என் வாழ்க்கையில் செய்த பெரிய தியாகம் அது. கடைசியில் எக்ஸ் ஐந்து, அல்லது எக்ஸ் குறை எட்டு என்று வந்து நின்றாள்.

"ஆனால் நீளம் குறை எண்ணாக..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

"என்ன?"

"குறை எட்டு மீட்டர் அகலத்துல அறை எப்படிடா இருக்கும்?"

"அப்படி ஒரு அறைக்கு டைல் போடக் கூப்பிட்டா நான் போக மாட்டேன்."

"அதான் அந்த வரியா?" என்றாள். "இருபத்தெட்டு வருஷமா எழுதறேன்டா. அதான் அந்த வரியா?"

அதற்குப் பிறகு அவள் ஓட ஆரம்பித்தாள். கணக்கைப் பார்த்துப் பயப்படுவதை விட்டு அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஒரு நாள் கூட்டுத்தொடர். ஒன்றிலிருந்து இருபது வரை கூட்ட வேண்டும். நான் சூத்திரத்தைச் சுவரில் எழுதினேன். எத்தனை எண்ணோ அதில் பாதியை, முதல் எண்ணும் கடைசி எண்ணும் சேர்ந்த தொகையால் பெருக்க வேண்டும். இருநூற்றுப் பத்து. எதற்குப் பாதி என்று அவள் கேட்டாள். சூத்திரம் அப்படித்தான் என்றேன். உண்மையில் எனக்கே தெரியாது. எழுபத்தொன்று வாங்கியவனுக்குத் தெரியாது.

அவள் ஒன்றிலிருந்து இருபது வரை ஒரு காகிதத்தில் நீளமாக எழுதினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நடுவில் மடித்தாள். விரிப்பை மடிக்கிறவள், கை தானாக அதைச் செய்தது. ஒன்றின் மேல் இருபது, இரண்டின் மேல் பத்தொன்பது, பத்தின் மேல் பதினொன்று. எல்லா ஜோடியும் இருபத்தொன்று. பத்து ஜோடி.

"மடிச்சா பாதியாத்தானே ஆகும்," என்றாள். "இதுக்கு எதுக்குடா சூத்திரம்?"

வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன். இந்தப் பெண்ணையா மண்டை இல்லை என்று ஊர் முழுக்கச் சொன்னோம்?

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சுவரில் பென்சிலால் கணக்குப் போடுவோம். போட்டு முடித்ததும் நடுவில் வந்த எண்களை எல்லாம் துடைத்துவிட்டு, கடைசி அளவை மட்டும் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதி வைப்போம். வெட்டுகிற ஆள் வந்து பார்க்கும்போது சுவரில் ஒரே எண்தான் இருக்க வேண்டும். நாலு எண் இருந்தால் அவன் தப்பான எண்ணுக்கு வெட்டிவிடுவான், ஒரு டைல் வீணாகும். அக்கா நாலு மாதம் இதைப் பார்த்தாள். அவளும் அப்படியே செய்தாள். பென்சிலில் படிகள், மார்க்கரில் விடை, பிறகு துணியை எடுத்துப் படிகளைத் துடைப்பது. துடைப்பதில் அவளை மிஞ்ச ஆள் உண்டா? என் சுவர்கள் அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை.

ஒரு நாள் அவளே கேட்டாள். "ஏண்டா, படியெல்லாம் எழுதி வெக்க வேண்டாமா?"

நான் அரிவாள்மனையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து டைல் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே சொன்னேன். "தெரியாதவன்தான்க்கா போட்ட வழியைப் பக்கம் பக்கமா எழுதி வெப்பான். வேலை தெரிஞ்சவன் விடையை மட்டும் விட்டு வெப்பான்."

இதுதான் நான் சொன்னது. ஒரு சொல் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

பரீட்சை அன்று காலையில் மாமா வழக்கம்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஹால்ல இருக்கற மேசை நாற்காலி எல்லாம் உனக்குப் பழக்கமாயிருக்குமே, பேர் வெச்சுட்டியா?" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே போனாள். நான் அரை நாள் வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றேன். மணி அடித்துப் பிள்ளைகள் கொட்டிய மூட்டை மாதிரி வெளியே வந்தார்கள். கடைசியில் அக்கா வந்தாள். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. யாருக்கும் ஒதுங்கி வழிவிடாமல், நடு வாசலில் வந்தாள்.

"துணிக் கணக்கு வந்துச்சுடா. செவ்வகத் துணி. நீளம் அகலத்தோட ரெண்டு மடங்கைவிட ஒண்ணு கம்மி. பரப்பு இருபத்தெட்டு."

நான் மனசில் போட்டேன். "நாலு, ஏழு."

"நாலுக்கு ஏழு," என்றாள் அவளும். "அறுவை அறைத் திரை இருக்கே, அந்த அளவு. பாத்ததுமே தெரிஞ்சுது. ஆனாலும் சும்மா எழுதலை, போட்டுப் பாத்துத்தான் எழுதினேன்."

பெரிய கணக்குகள் ஆறு எழுதியிருந்தாள். ஆறின் விடையையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆறும் சரி. நடுத்தெருவில் நின்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். பஸ்ஸில் வரும்போது சொன்னாள், "இருபது நிமிஷம் முன்னாடியே முடிச்சுட்டேன். பேப்பரைப் பளிச்சுன்னு ஆக்கிட்டுத்தான் குடுத்தேன்." நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். பளிச்சென்று ஆக்கினாள் என்றால் என்ன என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும், பேப்பர்தான் போய்விட்டதே.

சலவைக்கூடத்தில் மேற்பார்வை அம்மாவிடம் தேறிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் அவள் எதையும் முன்கூட்டிச் சொன்னதில்லை. அந்த அம்மா நிரந்தரப் பட்டியலின் வரைவில் அக்காவின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்தாராம். துணி அறைச் சாவியை எங்கே மாட்டுவது என்பதுவரை அக்கா யோசித்து வைத்திருந்தாள்.

முடிவு வந்தது. முப்பத்திரண்டு.

நான் கட்டடத்தில் இருந்தேன். போனில் சொன்னாள். எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. கூட்டலில் தப்பு, யாரோ வேறு பேப்பரை மாற்றிவிட்டான், திருத்தினவன் தூங்கிவிட்டான் என்று என்னென்னவோ கத்தினேன். விடைத்தாளின் நகலுக்கு எழுதிப் போட்டோம். பன்னிரண்டு நாளில் வந்தது.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். சின்னக் கேள்விகளில் இருபத்தாறு. பெரிய கணக்கு ஆறிலும் பக்கம் வெறுமையாக இருந்தது. கேள்வி எண், அதற்குக் கீழே முழுப் பக்கம் வெள்ளை, அடியில் நீல மையில் முத்து முத்தான எழுத்தில் விடை. 'அகலம் 4 மீ, நீளம் 7 மீ.' அதன் பக்கத்தில் சிவப்பில் ஒன்று. ஐந்துக்கு ஒன்று. விடைக்கு ஒன்று, வழிமுறைக்கு நாலு. ஆறு பக்கத்திலும் ஆறு ஒன்று. ஒரு பக்கத்தின் ஓரத்தில் திருத்தியவர் 'படிகள் எங்கே?' என்று எழுதியிருந்தார். பாவம், அவரும் தேடியிருக்கிறார்.

"படி எங்கக்கா?" என்று நானும் அதையேதான் கேட்டேன்.

"எழுதினேன்டா. பென்சில்ல எழுதினேன். எல்லாம் வந்ததும் அழிச்சுட்டேன்."

பரீட்சை நேரத்தின் கடைசி இருபது நிமிடமும் அவள் அழித்திருக்கிறாள். தூள் கூட இல்லாமல் ஊதி, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, ஆறு பக்கத்தையும் அவள் மேசையிலிருந்து போகும் விரிப்பு மாதிரி வெள்ளையாக்கிக் கொடுத்திருக்கிறாள். அழிக்காமல் விட்டிருந்தால் ஐம்பத்தாறு. ஒரே ஒரு கணக்கை அழிக்காமல் விட்டிருந்தாலும் முப்பத்தாறு, தேறியிருப்பாள். மணி ஐந்து நிமிடம் முன்னால் அடித்திருந்தால் என் அக்கா இன்றைக்கு நிரந்தர ஊழியர். இந்தக் கணக்கையெல்லாம் நான் மனசிலேயே போட்டேன். போடாமல் இருக்கத் தெரியவில்லை.

மாமா அன்றைக்கு எதுவும் கிண்டல் செய்யவில்லை. நகலை எடுத்துப் பார்த்தார், வைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் பேசாமல் போனதுதான் அக்காவை அழ வைத்தது.

தேர்வு அலுவலகத்துக்கு மேல்முறையீடு செய்தோம். மூலத் தாளை நேரில் பார்க்க ஒரு நாள் கொடுத்தார்கள். இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு ஜன்னல், கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. அவர் தாளைத் தொட விடவில்லை, தானே புரட்டினார். நான் கெஞ்சினேன். "சார், வெளிச்சத்துல கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க சார்."

அவர் பிடித்தார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் வெள்ளைப் பக்கத்தில் எழுத்துகள் மேலே வந்தன. பென்சில் அழுத்திய தடம். அவள் எப்போதும் அழுத்தித்தான் எழுதுவாள். எக்ஸ் பெருக்கல் இரண்டு எக்ஸ் கழித்தல் ஒன்று. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. இரண்டு எக்ஸ் கூட்டல் ஏழு, எக்ஸ் கழித்தல் நான்கு. எல்லாம் சரி. கடைசியில் 'ஆனால் அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது' என்பதும் இருந்தது, இந்த முறை இருக்க வேண்டிய இடத்தில்.

அதிகாரி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். அவர் ஆறு பக்கத்தையும் சாய்த்துப் பிடித்து, பொறுமையாக, வரி வரியாகப் படித்தார்.

"எல்லாம் சரியாத்தான் போட்டிருக்காங்க," என்றார்.

"அப்போ மார்க் போடுங்க சார்."

"எழுதினவங்களே அடிச்சதையும் அழிச்சதையும் திருத்தக் கூடாதுங்க. எனக்குத் தெரியுது. தெரியுதுன்னு எழுத இங்க கட்டம் இல்லை." பிறகு அக்காவைப் பார்த்தார். "ஏம்மா அழிச்சீங்க?"

அவர் மேசையில் டீ டம்ளர் வைத்த வட்டம் ஒன்று இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசத்துல மறுபடியும் பரீட்சை இருக்கு. எழுதுங்க. கண்டிப்பாப் பாஸ் பண்ணிடுவீங்க," என்றார். முப்பதாம் தேதிக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.

அலுவலகப் படிக்கட்டில் நான் உட்கார்ந்துவிட்டேன். "நான்தான்க்கா சொன்னேன்," என்றேன். "தெரிஞ்சவன் விடையை மட்டும் விட்டு வெப்பான்னு நான்தான் சொன்னேன். என் வாயை உடைக்கணும்."

அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. படி தூசியாக இருந்தது, துடைக்கத் துணியும் இல்லை. நின்றபடியே சொன்னாள்.

"நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. ஆனா அதுக்காக இல்லைடா. எட்டுத் தடவை ஒண்ணும் தெரியாம, பக்கம் பக்கமா, படி படியா எழுதிக் குடுத்தேன். இந்த ஒரு தடவை தெரிஞ்சுது. திருத்தறவங்க எடுத்துப் பாத்தா, இவ தெரிஞ்சவன்னு அவங்களுக்குத் தெரியணும்னு நினைச்சேன்."

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் நின்றுகொண்டு வந்தேன்.

முப்பதாம் தேதி மேற்பார்வை அம்மா பட்டியலிலிருந்து அவள் பெயரை அழித்தார். பென்சிலில் எழுதியிருந்ததால் சிரமம் இருக்கவில்லை. அக்கா தன் குப்பிகளைக் கழுவி, பிரஷ்களை உலர்த்தி வைத்துவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு, நன்றிக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். அடுத்த பரீட்சைக்கு மனு வாங்கி நான் பூர்த்தி செய்து கொண்டுபோனேன். கையெழுத்துப் போடச் சொன்னேன். "எதுக்குடா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மனு இன்னும் என் கருவிப் பையில்தான் இருக்கிறது, கடைசித் தேதி எப்போதோ போய்விட்டது.

இப்போது அவள் என்னோடுதான் வேலைக்கு வருகிறாள். முடிந்த வீடுகளைச் சுத்தம் செய்கிற வேலை. நான் போட்ட டைல்களின் மேல் சிந்தின சிமெண்டைச் சுரண்டுவாள், பெயிண்ட் சொட்டைத் தேய்த்தெடுப்பாள், என் பென்சில் கோடுகளைத் துடைப்பாள். நான்தான் பேசி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன். பெரிய உதவி செய்துவிட்டேன்.

போன வாரம் பட்டி பூசி வழவழப்பாக இருந்த ஒரு படுக்கையறைச் சுவரில் ஒரு கணக்கை எழுதி வைத்தேன். வேண்டுமென்றேதான் எழுதினேன். ஓர் அறையின் நீளம் அகலத்தைவிட ஐந்து மீட்டர் அதிகம், பரப்பு எண்பத்து நான்கு, அகலம் எவ்வளவு? கீழே நிறைய இடம் விட்டேன். பென்சிலை ஜன்னல் விளிம்பில், அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். பிறகு கீழ்த்தளத்துக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வரை கீழேயே இருந்தேன்.

ஐந்து மணிக்கு மேலே வந்தபோது சுவர் சுத்தமாக இருந்தது. அக்கா பக்கத்து அறையில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சுவர்ல ஒண்ணு எழுதியிருந்தேனேக்கா."

"ஆமா. காஞ்ச துணியாலதான் துடைச்சேன், பட்டி பாழாகலை. நாளைக்கு பெயிண்டர் வராராமே."

"அதைப் படிச்சியா?"

"அழுக்கா இருந்துச்சு," என்றாள்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிய பிறகு நான் போன் விளக்கைப் போட்டு, சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். என் கேள்வியின் தடம் தெரிந்தது, கடைசிக் கேள்விக்குறி வரைக்கும். விளக்கை மெல்லக் கீழே இறக்கினேன், நான் விட்டு வைத்த இடம் முழுக்க, தரை வரைக்கும். அங்கே எந்தத் தடமும் இல்லை.